எட்டு டிக்கெட், பதினோரு பெண்கள்!

டாலிகஞ்சில் டிசம்பர் மாதம் மாலை ஐந்து மணிக்கே சூரியன் மறைந்து விடுகிறது. அதே நேரத்தில் சென்னையில் வெயில் இன்னும் மிச்சமிருக்கும். பிள்ளைகள் மைதானத்தில் ஓடிக் கொண்டிருப்பார்கள். இங்கேயோ வீட்டு வாசலில் விளக்கு எரிந்து விடும். கல்லூரி விட்டு, பஸ் பிடித்து, வீட்டுக்கு வந்து சேரவே ஒரு பெண்ணுக்குப் பொழுது சரியாகி விடுகிறது. இந்த நிலையில், "நான் கூடைப்பந்து ஆடப் போகிறேன்" என்று அவள் சொன்னால் வீட்டில் என்ன நடக்கும்?

ஒரு வீட்டை மனதில் வைத்துக் கொள்வோம். தகப்பனார் அரசு அலுவலகத்தில் குமாஸ்தா. தாயார் ராமநாதபுரம் பக்கம். மூத்த மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. சாப்பாட்டு வேளையில் அவள் மெதுவாகப் பேச்சை எடுக்கிறாள்.

"அப்பா, எங்க டீம் பாண்டிச்சேரிக்கு ஆடப் போகுதுப்பா. நானும் போகட்டுமா?"

"யாரும்மா கூட வர்றாங்க?"

"மேடம் வர்றாங்க."

"கப்பல் டிக்கெட் யாரு எடுக்கறது?"

மகள் பதில் சொல்லாமல் தட்டைப் பார்க்கிறாள். தாயார் முடித்து வைக்கிறார்: "பந்து ஆடி என்னடி ஆகப் போகுது? பரீட்சைக்குப் படி!"

இந்த மூன்று கேள்விகளையும் குறை சொல்ல முடியாது. துணைக்கு யார்? செலவுக்கு யார்? இதனால் என்ன பயன்? ஹாடோ துறையில் கப்பல் ஏறினால் சென்னை போய்ச் சேர இரண்டரை, மூன்று நாள். திரும்பி வர அதே அளவு. நடுவில் போட்டி நாட்கள். சம்பளத்தில் ஊருக்கு மணியார்டர் அனுப்பி, வாடகை கொடுத்து, மிச்சத்தில் குடும்பம் நடத்துகிற மனிதருக்கு இது சின்ன விஷயமாகத் தெரியாது.

இதே மூன்று கேள்விகளும், ஐம்பது ஆண்டுகளுக்கு முன், நம்மைவிட எத்தனையோ மடங்கு பணக்கார நாடான அமெரிக்காவில் ஒரு சின்னஞ்சிறு பெண்கள் கல்லூரியின் முன் நின்றன. அங்கேயும் பணம் இல்லை. ஆடுகளம் இல்லை. போக வேண்டிய ஊர் வெகு தூரம். அந்தக் கல்லூரிப் பெண்கள் 1971-72 ஆட்டப் பருவத்தில் என்ன செய்தார்கள் என்பது நம் பெண்களும், முக்கியமாக அவர்களைப் பெற்றவர்களும், தெரிந்து கொள்ள வேண்டிய கதை.

தீப்பிடித்த கூடம்

பென்சில்வேனியா மாநிலத்தில் பிலடெல்பியா நகருக்கு மேற்கே உள்ளது இம்மாகுலாடா கல்லூரி. கத்தோலிக்கக் கன்னியாஸ்திரீகள் 1920-இல் தொடங்கியது. அந்நாளில் பெண்கள் மட்டுமே படித்த கல்லூரி. அங்கு சேர்ந்தவர்களில் பலர் உழைக்கும் குடும்பத்துப் பெண்கள்.

அந்தக் கல்லூரிக்கு ஒரு விளையாட்டுக் கூடம் இருந்தது. 1967-இல் அது தீப்பற்றி எரிந்து போயிற்று. அதன் பிறகு அவர்களுக்குச் சொந்த ஆடுகளம் என்பதே இல்லை. பயிற்சிக்குக் கன்னியர் மடத்தைச் சேர்ந்த ஒரு கூடத்தில் இடம் கிடைத்தது. போட்டி என்றால் அடுத்தவர் இடத்துக்குத்தான் போக வேண்டும். சீருடை என்ன தெரியுமா? மடிப்பு வைத்த கம்பளித் துணி அங்கி! ஓடியாடி வியர்வை வடிக்கிற விளையாட்டுக்குக் கம்பளி உடை! இன்றைய பெண்கள் கேட்டால் சிரிப்பார்கள்.

1970-இல் இந்த அணிக்குப் பயிற்சியாளராக வந்தவர் கேத்தி ரஷ். இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த இளம் மனைவி. கணவர் தொழில்முறைக் கூடைப்பந்துப் போட்டிகளில் நடுவர். கேத்திக்கு ஒரு பருவம் முழுவதற்கும் கிடைத்த சம்பளம் 450 டாலர். அன்றைய மாற்று விலையில் சுமார் 3,400 ரூபாய். அமெரிக்காவில் அது பஸ் செலவுக்கும் கைச் செலவுக்கும் சரியாகப் போயிருக்கும். ஆனாலும் அவர் ஆண்கள் அணிகளின் பயிற்சியாளர்கள் நடத்தும் வகுப்புகளுக்குப் போய் உட்கார்ந்து கற்றுக் கொண்டார். கற்றதைத் தம் பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்.

அணியின் தூணாக விளங்கியவர் தெரஸா ஷாங்க். உயரமான பெண். வெளியூர்க் கல்லூரி ஒன்றில் சேர்ந்து படிப்பதாக இருந்தவர். அந்தச் சமயத்தில் அவருடைய வீடு தீப்பிடித்து எரிந்தது. குடும்பம் கஷ்டத்தில் இருக்கும்போது தூரம் போக மனமில்லாமல், வீட்டிலிருந்தே போய்வரக் கூடிய இம்மாகுலாடாவில் சேர்ந்தார். கூடம் எரிந்த கல்லூரிக்கு வீடு எரிந்த பெண் வந்து சேர்ந்தாள்! விளையாட்டுக்கென்று உதவித்தொகை எதுவும் அங்கே கிடையாது.

கோடு தாண்டாத ஆட்டம்

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கூடைப்பந்தைக் கண்டுபிடித்தவர் ஜேம்ஸ் நெய்ஸ்மித். 1891 டிசம்பரில், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், குளிர்காலத்தில் வாலிபர்கள் கூடத்துக்குள்ளேயே ஆட ஒரு விளையாட்டு வேண்டும் என்பதற்காக உண்டாக்கினார். அடுத்த ஆண்டே பெண்களும் ஆடத் தொடங்கி விட்டார்கள். 1896 ஏப்ரலில் கலிஃபோர்னியாவில் ஸ்டான்ஃபோர்டு, பெர்க்லி கல்லூரிப் பெண்கள் மோதினார்கள். கல்லூரிகளுக்கிடையே பெண்கள் ஆடிய முதல் போட்டி அதுதான் என்கிறார்கள். ஆண்கள் பார்க்க அனுமதியில்லை. ஸ்டான்ஃபோர்டு வென்றது. எத்தனைக்கு எத்தனை? 2-க்கு 1!

ஆனால் பெண்கள் அதிகம் ஓடினால் உடம்புக்கு ஆகாது என்று பெரியவர்கள் பயந்தார்கள். ஆகவே பெண்களுக்கென்று தனி விதிகள் செய்தார்கள். மைதானத்தைக் கோடு போட்டுப் பிரித்தார்கள். ஓர் அணிக்கு ஆறு பேர். தடுக்கிறவர்கள் ஒரு பக்கம், கூடையில் போடுகிறவர்கள் மறுபக்கம். கோட்டைத் தாண்டக் கூடாது. பல பத்தாண்டுகள் இப்படியே நடந்தது. 1971-இல்தான் கல்லூரிப் பெண்களும் ஆண்களைப் போல ஐவர் அணியாக, மைதானம் முழுவதும் ஓடி ஆடும் விதி நிலைபெற்றது.

அதாவது கேத்தி ரஷ்ஷின் பெண்கள் 1971 குளிர்காலத்தில் களத்தில் இறங்கியபோது, அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் அனைவருக்குமே இந்த முழு மைதான ஆட்டம் புதிது. பெரிய கல்லூரி, சின்னக் கல்லூரி எல்லாரும் ஒரே கோட்டில் நின்றார்கள். அந்தச் சந்தர்ப்பத்தை இந்தப் பெண்கள் விடவில்லை.

32 புள்ளி தோல்வி

அதற்கு முந்திய பருவத்தில் இம்மாகுலாடா 12 ஆட்டங்களில் 10-ஐ வென்றிருந்தது. 1971-72 பருவத்தில் வெற்றி மேல் வெற்றி. ஒவ்வொரு ஆட்டமும் வெளியூர் ஆட்டம்தான். போவதும் ஆடுவதும் இரவோடு இரவாகத் திரும்புவதுமாக மாதங்கள் ஓடின. ஆட்டக்காரி ரெனி மூத்தின் தகப்பனார் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தார். அவர் கடையிலிருந்து வந்த வாளிகளையும் கட்டைகளையும் கையில் வைத்துக் கொண்டு, கன்னியாஸ்திரீகள் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து தட்டு தட்டென்று தட்டி உற்சாகப்படுத்தினார்கள். அங்கி உடுத்த சகோதரிகள் திருவிழா மேளம் போல வாளி தட்டுவதை நினைத்துப் பாருங்கள்! நாளடைவில் சத்தம் தாங்காமல் போட்டி நடத்தியவர்கள் வாளிக்குத் தடை போட வேண்டியதாயிற்று.

பருவத்தின் முடிவில் வட்டாரப் போட்டி. இறுதி ஆட்டத்தில் எதிரி வெஸ்ட் செஸ்டர் அரசுக் கல்லூரி. பக்கத்து ஊர்தான். ஆனால் பெரிய கல்லூரி. உடற்பயிற்சி ஆசிரியைகளை உருவாக்குவதில் பேர் பெற்றது. கேத்தி ரஷ்ஷே அங்கு படித்தவர்தான். கல்லூரிப் பெண்களுக்கென முதன்முதலாகத் தேசிய அளவில் அழைப்புப் போட்டி 1969-இல் நடந்ததும் அங்கேதான். அந்தப் போட்டியை வென்றதும் அவர்கள்தான்.

அன்று இம்மாகுலாடா தோற்றது. சாதாரணத் தோல்வி இல்லை. 70-க்கு 38! முப்பத்திரண்டு புள்ளி வித்தியாசம்.

ஆயினும் வட்டாரத்தில் இரண்டாம் இடம் பெற்றதால் தேசியப் போட்டிக்குப் போகும் தகுதி கிடைத்தது. கல்லூரிப் பெண்களுக்கான விளையாட்டுச் சங்கம் நடத்தும் முதல் தேசியக் கூடைப்பந்துப் போட்டி அது. இடம், இல்லினாய் மாநிலத்தில் நார்மல் என்ற ஊர். நேர்க்கோட்டில் சுமார் 1,200 கிலோ மீட்டர். சென்னையிலிருந்து நம் தீவுக்கு உள்ள தூரத்தைவிடச் சற்றுக் குறைவு, அவ்வளவுதான்.

பல் துலக்கும் பிரஷ் விற்றார்கள்

போவதற்குப் பணம்?

கல்லூரியிடம் அதற்கென ஒதுக்கிய தொகை கிடையாது. பெண்கள் தெருவில் இறங்கினார்கள். பல் துலக்கும் பிரஷ்களை வாங்கி வீடு வீடாக விற்றார்கள். வேண்டியவர்களிடமும் கல்லூரிக்கு நெருக்கமானவர்களிடமும் கை நீட்டினார்கள். காசு காசாகச் சேர்ந்தது. எண்ணிப் பார்த்தபோது எட்டு ஆட்டக்காரிகளை அனுப்பவே போதுமானதாக இருந்தது.

அணியில் இருந்ததோ பதினோரு பேர்!

அந்த எட்டு டிக்கெட்டும் உறுதி செய்யப்பட்ட டிக்கெட் அல்ல. விமானத்தில் இடம் மிஞ்சினால் ஏற்றிக் கொள்வார்கள், மிஞ்சாவிட்டால் அடுத்த விமானத்துக்குக் காத்திருக்க வேண்டும். நம் ஊர் ரயில் பாஷையில் சொன்னால் 'வெயிட்டிங் லிஸ்ட்'. ஊருக்குப் போகக் கையில் பையும் மனதில் பதைப்புமாக, சார்ட் ஒட்டும் பலகை முன்னால் நின்றவர்களுக்கு அந்த நிலை புரியும். ஒரு நாட்டின் சாம்பியன் பட்டத்துக்கு ஆடப் போகும் அணி அப்படித்தான் புறப்பட்டது.

மூன்று பெண்கள் பின்தங்கினார்கள். பருவம் முழுவதும் கூடவே ஓடியவர்கள். ஒரே கம்பளி அங்கியில் வியர்த்தவர்கள். பணம் திரட்டிய அணியைச் சேர்ந்தவர்கள். வெற்றிச் செய்திகளில் அவர்கள் பேச்சு அதிகம் வருவதில்லை. நீதான் போகவில்லை என்று மூன்று பெண்களிடம் சொல்லும்போது சொன்னவருக்கு எப்படி இருந்திருக்கும், கேட்டவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று ஒரு நிமிஷம் யோசித்துப் பார்க்க வேண்டும். கூட்டுக் குடும்பத்தில் ஒரு பிள்ளையை மட்டும் படிக்க வைக்க முடியும் என்ற நிலையில் மற்றப் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

நான்கு ஆட்டங்கள்

தேசியப் போட்டியில் 16 அணிகள். பலம் பார்த்து வரிசைப்படுத்தியபோது இம்மாகுலாடாவுக்குக் கிடைத்தது 15-ஆவது இடம். யாரும் அவர்களை ஒரு பொருட்டாக எண்ணவில்லை. 1972 மார்ச் 16 முதல் 19 வரை, நான்கு நாட்களுக்குள் நான்கு ஆட்டங்களை வென்றால்தான் பட்டம். மாற்று ஆட்டக்காரிகள் மூன்றே பேர். ஒருத்திக்குக் கால் பிசகினாலும் ஆபத்து.

முதல் ஆட்டம், சவுத் டகோட்டா அரசுப் பல்கலைக்கழகத்துடன். 60-க்கு 47 என்று வென்றார்கள்.

இரண்டாவது, இண்டியானா அரசுப் பல்கலைக்கழகத்துடன். 49-க்கு 47. இரண்டே புள்ளி! ஒரு பந்து கூடையில் விழாமல் இருந்திருந்தால் கதை வேறு.

மூன்றாவது, அரை இறுதி. எதிரில் மிஸிஸிப்பி மகளிர் கல்லூரி. முந்திய ஆண்டின் தேசியப் போட்டியில் வென்ற அணி. 46-க்கு 43. மூன்றே புள்ளி!

இறுதி ஆட்டத்துக்கு வந்து பார்த்தால் எதிரில் நிற்பது யார்? வெஸ்ட் செஸ்டர்! சில நாட்களுக்கு முன்புதான் 32 புள்ளி வித்தியாசத்தில் இவர்களைத் துவைத்து எடுத்த அதே அணி. பக்கத்து ஊரார் இருவரும் ஆயிரத்து இருநூறு கிலோ மீட்டர் தாண்டி வந்து மீண்டும் ஒருவரை ஒருவர் பார்த்துக் கொண்டார்கள்.

இந்த முறை முடிவு 52-க்கு 48. வென்றது இம்மாகுலாடா!

அந்தப் பருவத்தில் அவர்கள் ஆடியது 25 ஆட்டங்கள். வென்றது 24. தோற்றது அந்த ஒரே ஒரு ஆட்டம். சொந்த ஆடுகளம் இல்லாத கல்லூரி, எட்டே பேரை அனுப்பி, நாட்டின் முதல் பட்டத்தைத் தட்டிக் கொண்டு வந்தது. பிலடெல்பியா விமான நிலையத்தில் அவர்களை வரவேற்கக் கூட்டம் திரண்டிருந்தது. போகும்போது காத்திருந்து இடம் பிடித்துப் போனவர்கள், வரும்போது கூட்டத்தை விலக்கிக் கொண்டு வெளியே வந்தார்கள்.

சட்டமும் சங்கடமும்

வெற்றி அத்துடன் நிற்கவில்லை. அடுத்த பருவத்தில், அதாவது 1972-73-இல், ஓர் ஆட்டமும் தோற்காமல் மீண்டும் பட்டம். 1974-இல் மூன்றாம் முறை. 1975 பிப்ரவரி 22 அன்று நியூயார்க்கின் புகழ்பெற்ற மாடிசன் ஸ்குவேர் கார்டன் அரங்கில் பெண்கள் கூடைப்பந்து முதன்முதலாக நடந்தது. குயின்ஸ் கல்லூரியை இம்மாகுலாடா வென்ற அந்த ஆட்டத்தைப் பார்க்க வந்தவர்கள் ஏறத்தாழ 12,000 பேர். 1896-இல் கதவைச் சாத்திக் கொண்டு ஆடிய விளையாட்டு எங்கே வந்து விட்டது!

ஆனால் 1975 தேசிய இறுதியில் மிஸிஸிப்பியைச் சேர்ந்த டெல்டா அரசுக் கல்லூரி அவர்களை வீழ்த்தியது. 1976-இலும் அதே கதை. 1977-இல் கேத்தி ரஷ் விலகினார். ஏழு பருவங்களில் 149 வெற்றி, 15 தோல்வி என்ற கணக்கை வைத்து விட்டுப் போனார். அதன் பின் அந்தச் சின்னக் கல்லூரியால் உச்சிக்கு வர முடியவில்லை.

ஏன்? காரணம் விசித்திரமானது. அவர்கள் முதல் பட்டம் வென்ற மூன்று மாதத்தில், 1972 ஜூன் 23-இல், அமெரிக்காவில் ஒரு சட்டம் கையெழுத்தாயிற்று. அரசுப் பணம் பெறும் கல்வி நிலையங்களில் ஆண், பெண் என்று பேதம் காட்டக் கூடாது என்பது அதன் சாரம். விளையாட்டுக்கும் அது பொருந்தியது. நாளடைவில் பெரிய அரசுக் கல்லூரிகள் பெண்களுக்கும் உதவித்தொகை, நல்ல ஆடுகளம், முழு நேரப் பயிற்சியாளர் என்று கொடுக்கத் தொடங்கின. திறமையுள்ள பெண்கள் அங்கே போனார்கள். பிரஷ் விற்றுப் பணம் திரட்டிய கல்லூரி அவற்றோடு எப்படிப் போட்டி போட முடியும்?

நாடெங்கும் பெண்களுக்கு நன்மை செய்த சட்டம், முன்னோடியாக நின்ற கல்லூரியைப் பின்னுக்குத் தள்ளி விட்டது. ஆனால் அந்தக் கல்லூரிப் பெண்கள் அதில் கெட்டுப் போகவில்லை. வேலைகள் திறந்தன. வீடு எரிந்து வந்த தெரஸா ஷாங்க், திருமணத்துக்குப் பின் தெரஸா கிரென்ட்ஸ் ஆனவர், 1976-இல் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் முழு நேரப் பயிற்சியாளர் ஆனார். 1982-இல் தம் அணிக்குத் தேசியப் பட்டம் வாங்கிக் கொடுத்தார். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற அமெரிக்கப் பெண்கள் அணிக்கு அவர்தான் பயிற்சியாளர். 1972 வெற்றிக்குப் பின் அணியில் சேர்ந்த மரியான் கிராஃபோர்டும் புகழ் பெற்ற பயிற்சியாளராக உயர்ந்தார்.

கூடைப்பந்தைக் கண்டுபிடித்தவர் பெயரால் ஸ்பிரிங்ஃபீல்டில் உள்ள புகழ் மண்டபத்தில் 2008-இல் கேத்தி ரஷ் இடம்பெற்றார். 2014-இல் அந்த இம்மாகுலாடா அணியே இடம்பெற்றது. அணி என்றால் பதினோரு பேரும் சேர்ந்ததுதானே! விமானம் ஏறாதவர்களுக்கும் அதில் பங்கு உண்டு.

நம் பக்கத்துக் கதை

"அது அமெரிக்கா, இது நம் ஊர்" என்று சொல்லலாம். சரி, நம் ஊருக்கே வருவோம்.

கூடைப்பந்து நமக்கு அந்நியமான ஆட்டம் இல்லை. ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கினார். அங்கு பயின்ற ஆசிரியர்கள் வழியாக இந்த ஆட்டம் பல ஊர்ப் பள்ளி மைதானங்களுக்குப் போய்ச் சேர்ந்தது. இரண்டு கம்பம், இரண்டு வளையம், ஒரு பந்து போதும். கிரிக்கெட்டைப் போலப் பெரிய மைதானம் தேவையில்லை.

அந்தச் சென்னையில் 1985-இல் பிறந்தவர் அனிதா பால்துரை. பள்ளி நாட்களில் ஆடத் தொடங்கி, இளம் வயதிலேயே இந்திய அணியில் இடம் பிடித்தார். பத்தொன்பது வயதில் அணித் தலைவி! பொதுவாகப் பெண்கள் கல்லூரியில் படித்துக் கொண்டிருக்கும் வயது அது. பதினெட்டு ஆண்டுகள் நாட்டுக்காக ஆடினார். ஒன்பது ஆசியப் போட்டிகளில் இந்தியாவுக்காகக் களம் இறங்கினார். திருமணமாகிக் குழந்தை பெற்ற பிறகும் ஆட்டத்துக்குத் திரும்பினார். 2017-இல் பெங்களூரில் ஆசியக் கோப்பையின் இரண்டாம் பிரிவை இந்தியப் பெண்கள் வென்றபோது அவரும் அணியில் இருந்தார். 2021-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

அவருக்குச் சோறு போட்டது எது? தெற்கு ரயில்வே உத்தியோகம்! விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வே வேலை தருகிறது. கேரளத்தைச் சேர்ந்த கீது அன்னா ஜோசும் தெற்கு ரயில்வேக்கு ஆடியவர்தான். அவர் ஆஸ்திரேலியாவுக்குப் போய் அங்குள்ள அணியில் ஆடினார். 2011-இல் அமெரிக்கத் தொழில்முறை அணிகளின் தேர்வுக்கே அழைக்கப்பட்டார். பெண்கள் கூடைப்பந்தில் இந்திய ரயில்வே அணி தேசியப் பட்டத்தைப் பலமுறை வென்றிருக்கிறது. அந்த அணியின் பெண்களுக்கு மாதச் சம்பளம் உண்டு, பாஸ் உண்டு.

'பந்து ஆடி என்ன ஆகப் போகிறது' என்ற தாயாரின் கேள்விக்கு இது ஒரு பதில். ரயில்வே மட்டுமல்ல, மத்திய அரசின் மற்ற இலாகாக்களிலும் விளையாட்டுக்காரர்களுக்கு வேலை வழி உண்டு. அகில இந்தியப் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிகளில் ஆடியதற்கும் முன்னணி இடம் பெற்றதற்கும் அதில் மதிப்பு உண்டு. ஆனால் அந்தப் போட்டிகளுக்குப் போனால்தானே சான்றிதழ் கிடைக்கும்? கப்பல் ஏறாதவள் எந்தத் தேர்வில் ஆடிக் காட்டுவாள்?

எல்லாப் பெண்களும் அனிதா பால்துரை ஆகிவிட மாட்டார்கள். இம்மாகுலாடா பெண்களிலும் எல்லாரும் ஒலிம்பிக் பயிற்சியாளர் ஆகவில்லை. வேலை கிடைக்கும் என்று உறுதி சொல்லி எந்தப் பெண்ணையும் ஆட அனுப்ப முடியாது. ஆனால் ஒரு பருவம் முழுக்கக் கூட்டாக உழைத்து, ஒருமுறை 32 புள்ளியில் தோற்று, மறுபடி அதே எதிரியின் முன் தலை நிமிர்ந்து நிற்கக் கற்றுக் கொண்ட பெண், வீட்டிலும் அலுவலகத்திலும் அதை மறக்க மாட்டாள்.

டாலிகஞ்சுக்குத் திரும்பினால்...

2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரில் 1967-இலேயே அரசுக் கல்லூரி தொடங்கியாகி விட்டது. இந்தத் தீவிலே பிறந்து தமிழும் இந்தியும் கலந்து பேசி வளர்ந்த நம்மவர் வீட்டுப் பெண்கள் இன்று பட்டப்படிப்புக்குக் கடல் தாண்ட வேண்டியதில்லை. பெரிய போட்டிக்குத்தான் கடல் தாண்ட வேண்டியிருக்கிறது.

கடல் ஒரு தடைதான். ஆனால் அதைத் தாண்டியவர்கள் இந்தத் தீவுகளில் உண்டு. நிக்கோபாரில், 2004 சுனாமியில் உயிர் தப்பிய சிறுமி டெபோரா ஹெரால்ட், பின்னாளில் சைக்கிள் பந்தயத்தில் இந்தியாவுக்காகப் பதக்கங்கள் வென்றார். அவரைப் பயிற்சிக்கு அனுப்ப ஒரு வீடு முன்வந்திருந்ததால்தான் அது நடந்தது.

துணைக்கு யார் என்ற கேள்விக்கு இம்மாகுலாடாவில் ஒரு பயிற்சியாளரும் வாளி தட்டிய கன்னியாஸ்திரீகளும் பதிலாக நின்றார்கள். இங்கே கல்லூரி ஆசிரியையோடு ஒரு தாயாரும் கப்பலேறினால் பாதி வீடுகளில் கவலை தீரும். செலவுக்கு யார் என்ற கேள்விக்கு அங்கே பிரஷ் விற்றார்கள். இங்கே நம்மவர்கள் கோயில் திருவிழாவுக்கும் பொங்கல் விழாவுக்கும் ரசீதுப் புத்தகம் அடித்து வசூல் செய்யத் தெரிந்தவர்கள். அந்தப் புத்தகத்தில் நாலு பக்கத்தைப் பெண்களின் கப்பல் டிக்கெட்டுக்கு ஒதுக்கினால் சாமி கோபித்துக் கொள்ளாது.

வசூல் செய்யும்போது மட்டும் ஒன்றை நினைவில் வைத்துக் கொள்ள வேண்டும். முழு அணிக்கும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். எட்டுப் பேர் போய் வென்றார்கள் என்பது பெருமைதான். இன்னும் கொஞ்சம் பணம் சேர்ந்திருந்தால் மற்ற மூன்று பேரும் அந்த வெற்றியைக் கண்ணால் பார்த்திருப்பார்கள்.

டாலிகஞ்ச் வீட்டில் சாப்பாடு முடிந்து விட்டது. மகள் தட்டைக் கழுவி வைக்கிறாள். தகப்பனார் வெற்றிலையை மடித்துக் கொண்டே கேட்கிறார்:

"டீமுல மொத்தம் எத்தனை பேரும்மா?"

"பன்னெண்டு பேருப்பா."

"கப்பல் எப்போ?"